பழைய தறிக் குடோனில் சிற்பக் கண்காட்சி வைக்கலாமா?

வணக்கம்ங்க. உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பல்லடம் பக்கம் ஓட்டம் நின்றுபோன தறிக் குடோன் ஒன்று, 60 அடிக்கு 30 அடி, சிமென்ட் ஷீட் கூரையோடு பத்து நாளைக்குக் கிடைத்திருக்கிறது. நண்பர்கள் சேர்ந்து சிற்பம், நிர்மாணக் கலை (இன்ஸ்டலேஷன்) கண்காட்சி வைக்கப் போகிறீர்கள். தறிச் சாமான்களைக் கோத்துத் தொங்கவிடும் 80 கிலோ கலைவேலை, 300 கிலோ வார்ப்பு இரும்புச் சிற்பம், ஆள் நுழைந்து போகும் நூல் அறை, கழிவுப் பஞ்சைப் பரப்பி அதன்மேல் நடக்கவிடும் தரை, மஞ்சளும் வெல்லமும் பூசிய சுவர், பீடத்தில் வைக்கும் சில கற்சிற்பங்கள், ஒரு வீடியோ. "இந்த இடத்தை கேலரியாக மாற்ற என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் பார்த்தால், இந்த வேலைகளை இந்தக் கட்டடம் தாங்குமா, வருகிறவர்களுக்கு அடிபடாமல் பத்து நாள் ஓட்ட முடியுமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. சுவருக்கு வெள்ளை அடிப்பதெல்லாம் கடைசி. இதற்குத்தான் முதலில் பதில்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை எடை, கம்பி, மின்சாரம், நூல், பீடம். இவற்றுக்குக் கணக்கு உண்டு. யார் போட்டாலும் ஒரே விடைதான் வரும். உறுதியாகச் சொல்ல முடியாதது உங்கள் கூரை. படத்தில் பார்ப்பதற்கு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான டிரஸ்ஸின் கால் சுவருக்குள் எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது, வெல்டிங் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஏணி போட்டு ஏறிப் பார்க்காமல் யாரும் சொல்லக் கூடாது. நானும் சொல்லப் போவதில்லை. அதனால் என் முதல் யோசனை, கூரையில் ஒரு கிலோகூடத் தொங்கவிடாதீர்கள். தறிக் குடோன் டிரஸ், ஷீட்டின் எடையையும் காற்றையும் கணக்கில் வைத்துப் போட்டது. நீளக் கம்பியின் நடுவில் ஒரு புள்ளியில் இழுத்தால் அது வளையும். கம்பிகள் கூடுகிற இணைப்பில் மட்டுமே ஓரளவு தாங்கும், அதுவும் எஞ்சினியர் பார்த்துச் சொன்ன பிறகு. இன்னொன்று, பழைய சிமென்ட் ஷீட் என்றால் அது ஆஸ்பெஸ்டாஸ்தான் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். துளை போடக் கூடாது, அறுக்கக் கூடாது, உடைந்த துண்டைக் கூட்டிப் பெருக்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸில் இருக்கும் நார் நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. லைட் மாட்ட, ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டைக் கழற்றி மறுபடி முறுக்குவதும் வேண்டாம். பழைய ஷீட் அந்த இடத்தில்தான் கீறல் விடும்.

தொங்கும் வேலைக்கு வழி எளிது. தரையிலிருந்தே எழும் தனிச் சட்டம் போடுங்கள். சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் கடையில் கப்லாக் சாரக் குழாய் கிடைக்கும். நான்கு நிலைக்குழாய், குறுக்குக் குழாய்கள், மேலே ஒரு விட்டம். 10 அடி இடைவெளியில் விட்டமாக ஒற்றைச் சாரக் குழாயைப் போட்டால் 80 கிலோவுக்கு நடுவில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் தொய்யும். முறியாது, ஆனால் பார்ப்பதற்கே பயமாக இருக்கும். 4 அங்குல சி சேனல் போட்டால் தொய்வு கண்ணுக்குத் தெரியாது. நான்கு காலுக்கும் அடியில் தட்டு வைத்து, பக்கவாட்டில் மூலைக் குழாய் போட்டுக் கட்டாமல் விடாதீர்கள். தறி ஓடிய தரை எண்ணெய் குடித்த தரை. கால் வழுக்கி விரிவதுதான் இங்கே நடக்கக்கூடிய பெரிய விபத்து. இந்தச் சட்டம் வேலையின் அழகைக் கெடுக்கும் என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்தார். கறுப்பு அடித்து விட்டால் கண் அதைக் கடந்து போய்விடும். தறியே ஒரு சட்டம்தானே, அந்தச் சாமான்களுக்கு அது பொருந்தவும் செய்யும்.

கம்பிக்கான கணக்கு இது. இரண்டு கம்பிகள் மேலே ஒரே கொக்கியில் சேர்ந்து, கீழே வேலையின் இரு முனைகளைப் பிடிக்கின்றன என்று வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் 60 டிகிரி இருந்தால் ஒவ்வொன்றும் தாங்குவது 46 கிலோ. 90 டிகிரி என்றால் 57 கிலோ. 120 டிகிரிக்கு விரித்தால் ஒவ்வொன்றும் முழு 80 கிலோவையும் தாங்க வேண்டும். கோணம் அகல அகலக் கம்பிக்கு வேலை கூடும். கூரை தாழ்வாக இருக்கிறதென்று கம்பியைப் படுக்கவைத்துக் கட்டுகிற இடத்தில்தான் கம்பி அறுகிறது. 3 மில்லி ஸ்டீல் வயர் ரோப் சுமார் 500 கிலோவில் அறும். ஆட்கள் கீழே நடக்கிற இடத்தில் அறும் எடையில் பத்தில் ஒரு பங்குதான் ஏற்ற வேண்டும், ஆக 50 கிலோ. கிளிப் போட்ட முனையின் வலு முழுக் கம்பியில் எண்பது சதவீதம்தான் என்பதால் அது 40 ஆகிவிடும். அதனால் உங்களுக்கு 4 மில்லி வாங்குங்கள், 60 டிகிரிக்கு மேல் விரிக்காதீர்கள். முனையில் திம்பிள் (மடிப்பில் கம்பி நசுங்காமல் காக்கும் வளையம்) வைத்து மடித்து, மூன்று யூ கிளிப்புகளை ஓர் அங்குல இடைவெளியில் போடுங்கள். கிளிப்பின் சேணம் போன்ற அடிப்பாகம் எடை தாங்கும் நீளக் கம்பியின் மேல் உட்கார வேண்டும்; யூ வடிவக் கம்பி மடித்துவிட்ட குட்டை முனையை அழுத்த வேண்டும். மாற்றிப் போட்டால் எடை தாங்குகிற கம்பியே நசுங்கிப்போகும். எடை ஏற்றியபின் ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை நட்டை மறுபடி இறுக்குங்கள். முதல் இரவிலேயே கம்பி கொஞ்சம் மெலிந்து பிடி தளரும். நைலான் கயிறு, கட்டுக்கம்பி, வாய் திறந்த கொக்கி மூன்றும் தலைக்கு மேல் வேண்டவே வேண்டாம். இவையெல்லாம் போக, வேலையின் உடம்பைச் சுற்றித் தளர்வாக ஒரு மூன்றாவது கம்பி, தனி இணைப்பில். மற்ற இரண்டும் விட்டால் பிடிக்க அது இருக்கட்டும்.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 1971-ல் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தின் வாக்கர் கலை மையத்தில் ரிச்சர்ட் செராவின் எஃகுத் தகடுச் சிற்பத்தை நிறுத்தும்போது தகடு விழுந்து ஒரு தொழிலாளி இறந்தார். அனுபவசாலிகள், பெரிய நிறுவனம், எல்லாம் இருந்தும் நடந்தது. சிற்பம் ஆளைக் கொல்வது பெரும்பாலும் திறப்பு விழாவில் அல்ல, ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான். ஏற்றுகிற அன்று வேடிக்கை பார்க்கிறவர்கள் யாரும் உள்ளே வேண்டாம். எடைக்கும் தூக்குவதற்கும் பொறுப்பாகக் குரல் கொடுப்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும்.

இரும்புச் சிற்பத்துக்கு வருவோம். எடையை யாரும் தூக்கிப் பார்த்துச் சொல்ல வேண்டாம், அளந்தே சொல்லலாம். ஒரு கன அடி வார்ப்பு இரும்பு சுமார் 200 கிலோ, கருங்கல் 75 கிலோ, கான்கிரீட் 68 கிலோ. தகடு என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லி கனத்துக்கு 7.85 கிலோ. கம்பி என்றால் கொத்தனார் கணக்கு, மில்லியில் எடுத்த விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ. உங்கள் குடோன் மண்ணின் மேல் போட்ட தரை என்பதால் 300 கிலோ பிரச்சினையே இல்லை. இதே சிற்பத்தை யாராவது வீட்டு மாடியில் வைக்க நினைத்தால் மட்டும் நிறுத்துங்கள். வீட்டுத் தளத்துக்குப் பொதுவாக எடுக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ. இரண்டடிச் சதுர அடிப்பாகத்தில் 300 கிலோ உட்கார்ந்தால் அந்த இடத்தில் சதுர மீட்டருக்கு 800 கிலோ ஆகிறது. குடோன் தரையில் வேறு சங்கடம் உண்டு. தறி நின்ற இடத்தில் அறுத்துவிட்ட போல்ட் முனைகள் அரை அங்குலம் ஓர் அங்குலம் தலை நீட்டிக்கொண்டிருக்கும். கண் மேலே இருக்கும்போது கால் அதில்தான் இடிக்கும். லண்டனில் டேட் மாடர்ன் கலைக்கூடம் 2007-ல் டோரிஸ் சல்செடோ என்ற கலைஞரின் வேலைக்காகத் தரையிலேயே நீளப் பிளவு விட்டபோது, எச்சரிக்கை எழுதி வைத்தும் ஆட்கள் தடுக்கி விழுந்தார்கள். போல்ட்டுகளை கிரைண்டர் வைத்துத் தரையோடு தரையாக அறுத்துவிடுங்கள். அதற்கு முன் கூரையிலும் டிரஸ்ஸிலும் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசியை, ஷீட்டைச் சுரண்டாமல், மேலிருந்து கீழாக முழுக்க எடுத்துவிட வேண்டும். வரிசை மாறினால் கிரைண்டர் பொறி பறந்து பல வருடத்துப் பஞ்சில் உட்காரும்.

நகர்த்த, பாலட் ஜாக் என்ற தூக்கு வண்டியோ மூன்று குழாய் உருளைகளோ போதும். செயின் பிளாக் வைத்துத் தூக்கினால் முக்காலியின் மூன்று கால்களையும் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்துவிடுங்கள், காரணம் அந்த எண்ணெய்த் தரைதான். கோவை ஃபவுண்டரியில் வார்த்து மணல் தட்டி வந்த இரும்பு நிறம் அழகு என்று அப்படியே விட்டால், பத்து நாளில் கை பட்ட இடமெல்லாம் விரல் அச்சாகத் துரு எழும். வியர்வை உப்பு அது. துரு வேண்டுமென்றால் முழுக்கத் துருவேற்றி, சோடா உப்பு நீரில் கழுவி, காயவைத்து, லேசாகச் சூடாக்கி மெழுகு தேய்த்து விடுங்கள். வேண்டாமென்றால் முதல் நாளே மெழுகு. எப்படியானாலும் அடியில் ரப்பர் ஷீட் இருக்கட்டும். சிமென்ட் தரையில் இறங்கிய துருக்கறையை எடுப்பது கடினம், குடோன் உங்களுடையதில்லை.

பீடங்களைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, ஆனால் அதிகம் சாய்வது அவைதான். 18 மில்லி பிளைவுட் 8-க்கு 4 ஷீட் ஒன்றில், ஒன்றரை அடிச் சதுரம் 3 அடி உயரப் பீடம் ஒன்று தாராளமாக வரும், உள்ளே 2-க்கு 1 அங்குல ரீப்பர் சட்டம். பீடமும் மேலே இருக்கும் கல்லும் சேர்ந்து 40 கிலோ என்று வையுங்கள். மேல் விளிம்பில் பக்கவாட்டாக 10 கிலோ அழுத்தம் கொடுத்தால் சாய ஆரம்பித்துவிடும். ஓடிவருகிற பிள்ளை சாய்ந்து நின்றாலே போதும். உள்ளே 25 கிலோ மணல் மூட்டை இரண்டைப் போட்டால் அது இருபத்திரண்டு கிலோவுக்கு மேல் போகும். அதோடு அடிப்பாகத்தையும் இரண்டடியாக அகலப்படுத்தினால் 30 கிலோ. மணலும் அகலமும் சேர்ந்தால்தான் நிம்மதி. திருமுருகன்பூண்டிப் பட்டறையில் செய்த கல் என்றால் அடி பெரும்பாலும் சமமாகவே இருக்கும். இல்லையென்றால் மூன்று இடத்தில் மெல்லிய ரப்பர் துண்டு வையுங்கள். நான்கு வைத்தால் ஆடும்.

நூல் அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் கண்காட்சியில் மிகவும் பிடித்த யோசனை இது. 12 அடிச் சதுரம், 10 அடி உயரம், அங்குலத்துக்கு ஓர் இழை என்று திட்டம் போட்டிருக்கிறீர்கள். 144-ஐ 144-ஆல் பெருக்கினால் 20,736 இழைகள். மொத்த நீளம் 63 கிலோமீட்டர். மிரள வேண்டாம், ஒரு கிலோ 40-ஆம் நம்பர் நூல் ஏறக்குறைய 68 கிலோமீட்டர் ஓடும். அதாவது இந்த அறை முழுக்க ஒரே ஒரு கிலோ நூல்தான். சிக்கல் அதில் இல்லை. ஓர் இழையைக் கட்ட இருபது விநாடி என்றால்கூட 115 மணி நேரம் ஆகும், அதுவும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே. அவ்வளவு கட்டியும் 40-ஆம் நம்பர் ஒற்றை இழை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே படாது. மூன்று அங்குலத்துக்கு ஒன்று என்று மாற்றுங்கள். 48-ஐ 48-ஆல் பெருக்கி 2,304 இழைகள், அதே வேகத்தில் 13 மணி நேரம். நூலைத் தடிப்பாக்குங்கள் (நம்பர் குறையக் குறைய நூல் தடிக்கும்), 10-ஆம் நம்பர் இரட்டை நூல் நன்றாகத் தெரியும். இரட்டை நூல் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒற்றை நூலில் ஒரே பக்க முறுக்கு இருக்கிறது. கீழே நட்டோ மணியோ கட்டித் தொங்கவிட்டால் அது சுழன்று சுழன்று முறுக்கு அவிழும். முறுக்குப் போனால் நூல் வெறும் பஞ்சுதான், இரவோடு இரவாக உதிர்ந்து நட்டெல்லாம் தரையில் கிடக்கும். டபுளிங் செய்த நூலில் இழை முறுக்கும் சேர்ப்பு முறுக்கும் எதிரெதிராக இருப்பதால் சமனாகி நிற்கும்.

மேலே நூல் கட்ட, மூன்று அங்குலக் கண் உள்ள வெல்டட் மெஷ்ஷை சாரச் சட்டத்தின் மேல் படுக்கப் போடுங்கள். வரிசை தானாகவே நேராக வரும். இழை ஒன்றுக்கு 5 கிராம் எடை கட்டினால் மொத்தம் பதினொன்றரை கிலோ, மெஷ் சாதாரணமாகத் தாங்கும். எடை கட்டாமல் விட்டால் மின்விசிறிக் காற்றில் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், அதைப் பிரிக்க முடியாது, வெட்டத்தான் வேண்டும். நடுவில் நாலடி அகலப் பாதைக்கு இழையே வேண்டாம். முகத்தில் நூல் உரச நடப்பது எல்லாருக்கும் பிடிக்காது. கண்ணாடியிலும் காதணியிலும் கொண்டையிலும் மாட்டும். இதையெல்லாம் மனதில் வைத்து மாதிரிக்கு ஓரடிச் சதுரம் கட்டி இரண்டு நாள் தொங்கவிட்டுப் பாருங்கள், மழை நாளில் பருத்தி ஈரம் வாங்கி என்ன ஆகிறது என்பதும் அதில் தெரிந்துவிடும். நாரையும் நூலையும் வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு சிற்பி மிருணாளினி முகர்ஜி சணல் நாரை முடிச்சு முடிச்சாகப் போட்டே ஆளுயரத்துக்கு எழுப்பிய உருவங்களைப் பாருங்கள். கலைஞர் ஷீலா கௌடா நூலும் ஊசியும் குங்குமமும் சேர்த்துத் திரித்த சிவப்புக் கயிறுகளையும் பாருங்கள். நூலுக்கு ஊரான ஊரில் இருந்துகொண்டு அவற்றைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

பஞ்சுத் தரையை மட்டும் வேண்டாம் என்றே சொல்வேன், நடக்கவிடும் வடிவத்தில். சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2010-ல் டேட் மாடர்னில் பத்துக் கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பி மேலே நடக்கவிட்டார். தூசி கிளம்பிச் சில நாட்களிலேயே ஆள் நடப்பதை நிறுத்திவிட்டார்கள். மூடிய குடோனில் கழிவுப் பஞ்சு அதைவிட மோசம். நூற்பாலையில் பல வருடம் வேலை பார்த்தவர்களுக்கு அந்தத் தூசியால் மூச்சிரைப்பு வருவது தெரிந்த விஷயம். உங்கள் ஊரில் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த வேலை பார்த்தவர்கள். தவிர, பஞ்சில் விழுந்த பொறி சுடர்விடாமல் உள்ளேயே புகைந்து, ஆள் போன பிறகு இரவில் எழும்பும். பஞ்சைக் கண்ணாடி அல்லது அக்ரிலிக் பெட்டிக்குள் அடுக்கிச் சுவராக நிறுத்துங்கள். வேலையின் அர்த்தம் எதுவும் குறையாது. தீக்கு பவுடர் சிலிண்டர் மட்டும் வைத்தால் பஞ்சில் மேல் சுடர்தான் அணையும், உள் கங்கு இருக்கும். தண்ணீர் வாளிகள் கட்டாயம். ஆனால் மின்சாரம் பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஆகாது, அதற்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஒன்று மெயின் போர்டு பக்கத்தில். உங்கள் குடோனுக்கு ஷட்டர் ஒன்றுதான் வழி என்று தெரிகிறது. பின்பக்கக் கதவைத் திறக்க வழி செய்யாமல் நூல் அறையை உள்ளே கட்டவே கூடாது.

மின்சாரத்தில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்தக் குடோனுக்கு இருப்பது விசைத்தறிக் கட்டண இணைப்பு. அதில் கண்காட்சி நடத்தினால், அனுமதித்த காரியத்தை விட்டு வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியதாகும். 2003-ஆம் வருட மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவின்படி அது அங்கீகாரமில்லாத பயன்பாடு, அபராதம் குடோன் உரிமையாளர் தலையில் விழும். இடம் கொடுத்த மனிதருக்கு அந்தக் கஷ்டம் கொடுக்க வேண்டாம். மின்வாரிய அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு எழுதிக் கொடுங்கள், அல்லது ஜெனரேட்டர் வாடகைக்கு எடுங்கள். உங்கள் தேவை சிறியதுதான். 12 வாட் எல்இடி ஸ்பாட் முப்பது என்றால் 360 வாட், புரொஜெக்டர் 300, மின்விசிறி ஆறு சேர்த்தாலும் ஒரு கிலோவாட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5 சதுர மில்லி செப்பு ஒயர், தொடக்கத்தில் மின்கசிவு வந்தால் உடனே நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. விளக்குப் பொருத்திய இரும்புச் சட்டம், சாரக் குழாய் எல்லாவற்றுக்கும் எர்த் கொடுங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றுகிற வேலையைப் பஞ்சு நூல் இருக்கும் இடத்தில் அனுமதிக்கவே கூடாது.

வெளிச்சத்தில் நிறைய எழுதலாம், தேவையானதை மட்டும் சொல்கிறேன். டியூப் லைட் சிற்பத்தைத் தட்டையாக்கும். ஒரு பக்கம் மேலிருந்து குறுகிய கதிர் ஸ்பாட் ஒன்று, எதிர்ப்பக்கம் அதைவிட மங்கலான அகலக் கதிர் ஒன்று, இரண்டும் ஒரே நிறம், 3000 கெல்வின். இவ்வளவு போதும், கல்லின் உளி வரி எழுந்து நிற்கும். நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் 90-க்கு மேல் என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் மஞ்சள் சுவர் செத்துப்போய்த் தெரியும். வீடியோவைப் பகலில் திறந்த குடோனில் போட முடியாது. 3,000 லூமென் புரொஜெக்டர் 8 அடி அகலத் திரையில் கொடுப்பது 900 லக்ஸ் அளவு. கூரையின் ஃபைபர் ஷீட் வழியே 300 லக்ஸ் வந்து விழுந்தால்கூட படத்தில் கறுப்பு என்பதே இருக்காது. மூலையில் ஓர் அறை தடுத்து, கறுப்புச் சாயம் போட்ட காடாத் துணியை இரண்டு அடுக்காக, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். ஓரடுக்கில் வெளிச்சம் ஊசி ஊசியாக இறங்கும்.

மாதத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் அதுதான் பாதி வெற்றி. ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற வேகத்துக்குப் பல்லடம் பக்கம் எந்தக் குடோனிலும் தூசி ஓயாது, தொங்குவதெல்லாம் ஆடும். ஐப்பசி கார்த்திகையில் ஷீட் ஒழுகும். சித்திரையில் ஷீட்டுக்கு அடியில் குளூ கன் ஒட்டும் இரட்டை டேப்பும் இளகி, ஒட்டியதெல்லாம் மதியம் மூன்று மணிக்குக் கீழே விழும். தை பாதி முதல் மாசி முடிய வையுங்கள். மஞ்சள் சுவர் அப்போதும் வெளுக்கும், மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. ஜன்னல் வெளிச்சம் படுகிற பக்கம் ஒரு வாரத்திலேயே வேறுபாடு தெரியும். வெளுப்பதும் வேலையின் ஒரு பகுதி என்று நினைத்தால் விட்டுவிடுங்கள், நினைக்கவில்லையென்றால் ஜன்னல் வெளிச்சம் படாத சுவருக்கு மாற்றுங்கள். வெல்லத்துக்கு எறும்பும் ஈயும் உறுதி. சுவரின் அடியில் கால் அங்குல நீர்க்கால் ஒன்று விட்டால் எறும்பு ஏறாது, ஈக்கு வழியே இல்லை. வெல்லம் உருகித் தரையில் ஓடினால் அது வழுக்கும் என்பதால் சுவருக்கு முன்னால் மூன்றடிக்குள் யாரும் போகாதபடி கயிறு கட்டுங்கள்.

அடுக்கும் வேலைக்கு சாக்பீஸ் போதும். வேலை ஒவ்வொன்றின் அடிப்பாகத்தையும் நிஜ அளவில் தரையில் வரைந்து, உயரத்துக்கு அட்டைப்பெட்டிகளை நிறுத்தி ஒரு நாள் நடந்து பாருங்கள். 1,800 சதுர அடிக்கு இத்தனை வேலைகள் கொஞ்சம் அதிகம். ஒன்றைப் பார்க்கும்போது இன்னொன்று பின்னணியில் வந்து முட்டும். கற்சிற்பங்களில் மூன்றை மட்டும் வைப்பேன். நடைபாதை நாலடி, சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடி, ஆறங்குல வாசல்படிக்கு ஆறடி நீளச் சரிவு. கொச்சி-முசிரிஸ் பியனாலே என்ற கலைத் திருவிழா 2012-லிருந்து ஆஸ்பின்வால் ஹவுஸ் மாதிரிப் பழைய வணிகக் கட்டடங்களில் நடக்கிறது, அடுத்த முறை போனால் வேலைகளைப் பார்த்தபின் ஒரு சுற்று அண்ணாந்து பார்த்து வாருங்கள். எதை எதிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள், ஒயர் எந்த வழியாகப் போகிறது, பழைய சுவரில் எதை மறைத்தார்கள், எதை அப்படியே விட்டார்கள் என்று கவனியுங்கள்.

பெயர்ப்பலகை முதலில் தமிழில் இருக்கட்டும். செய்தவர் பெயர், தலைப்பு, வருடம், பொருள், அளவு. பொருளை எழுதும்போது "கலப்பு ஊடகம்" என்று எழுதிவிடாதீர்கள். நாடா, தார்க்குச்சி, அச்சு, பாவு பீம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பக்கத்துக் குடோனில் தறி ஓட்டுகிறவருக்கு அந்தப் பலகை ஒரு வாசல். உங்கள் வேலையை உங்களைவிட நுட்பமாகப் பார்க்கக்கூடியவரும் அவர்தான். அச்சில் பல் ஒடிந்திருந்தால் அவர் கண்ணுக்குத்தான் படும். அவருக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை திறந்து வையுங்கள். தொடாதீர்கள் என்று எழுதுவதைவிட, வாசலில் ஒரு மேசையில் அதே இரும்பு, அதே கல், அதே நூல் ஒவ்வொரு துண்டு வைத்துவிட்டால் கை அங்கேயே ஆசை தீர்த்துக்கொள்ளும்.

ஆட்களைத் தேடிச் சென்னைக்குப் போக வேண்டாம். தகடு வளைக்கவும் ஃபைபர் போடவும் கரூர் பஸ் பாடிப் பட்டறைகளில் இருக்கும் கை வேறெங்கும் கிடைப்பது அரிது. கனமானதைத் தூக்குவதில் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுக்குத் தெரியாதது இல்லை. அவர்களிடம் "ஆர்ட்" என்று ஆரம்பிக்காமல் எடை, உயரம், எத்தனை நாள் என்று மூன்றையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள், அரை மணி நேரத்தில் வழி சொல்லிவிடுவார்கள். ஃபைபர் வேலை செய்தால் ஒரு எச்சரிக்கை. ரெசினுக்குச் சேர்க்கும் ஹார்டனரையும் ஆக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கலந்த பிறகே மற்றது. கண்காட்சிக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள், அந்த வாடை மூடிய இடத்தில் லேசில் போகாது.

கடைசியாகக் காகிதம். ஒவ்வொரு வேலையும் உள்ளே வரும்போது நான்கு பக்கமும் படம் எடுத்து, இருக்கும் கீறல், உடைசல் எல்லாம் எழுதி, கொண்டுவந்தவரும் வாங்கிக்கொண்டவரும் கையெழுத்துப் போடுங்கள். சேதமானால் யார் செலவு, எந்தத் தேதிக்குள் எடுத்துப்போக வேண்டும் என்பதும் அதே தாளில். புதிதாகப் பெயின்ட் அடித்ததை பபிள் ரேப்பில் சுற்றினால் வட்ட வட்டமாகத் தடம் பதியும், இடையில் மெல்லிய பருத்தித் துணி வையுங்கள். கழற்றுவதற்கு மாட்டியதைப் போல முக்கால் பங்கு நேரம் ஒதுக்குங்கள், எடை உள்ளதை முதலில் இறக்கிவிட்டுச் சட்டத்தைக் கழற்றுங்கள். எஞ்சினியரிடம் போகும்போது வேலைகளின் எடைப் பட்டியல், சாக்பீஸ் வரைபடத்தின் நகல், டிரஸ் சுவரில் உட்காரும் இடத்தின் கிட்டப் படங்கள் மூன்றையும் எடுத்துப் போனால் ஒரே வருகையில் முடிந்துவிடும். அந்தக் கிட்டப் படங்களை இங்கேயும் போடுங்கள். கூரையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஆனால் எங்கே ஏணி வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று சொல்ல முடியும்.